பத்தில் ஆறு

அதிகாலை மூன்று ஐம்பது.
பாலம் தாண்டி வந்த ஆம்புலன்சில்
நாகமுத்து, வயது ஐம்பத்தெட்டு,
பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.
வலது கை யாரோ மறந்துவிட்டுப் போனது போலக் கிடந்தது.
பல்செட்டை நான்தான் கழற்றிக்
காகிதக் கிண்ணத்தில் வைத்தேன்.

படமெடுப்பது என் வேலை.
பலன் சொல்வது என் வேலை இல்லை.

என்றாலும் கண் இருக்கிறதே.
படத்தில் இடது என்பது வலது.
பதினேழு வருடம் பழகியும்
ஒவ்வொரு முறையும் மனம் ஒருதரம் புரண்டு படுக்கிறது.
திரையின் வலப்புறம், பெரிய நாளம் போகும் வழியில்,
சுண்ணாம்புக் கீற்றாய் ஒரு வெள்ளை.
உறைந்த ரத்தம் வெளுத்துத்தான் தெரியும்.
இதை மலாய்க்காரர்கள் அங்கின் அஹ்மார் என்பார்கள்,
சிவப்புக் காற்று.
நான் இதுவரை ஒரு சிவப்பையும் பார்த்ததில்லை.
எல்லாம் சாம்பல்.
சாம்பலோடு சாம்பல் கலந்துபோன இடத்தைத்
தேடுவதுதான் பாடு.

ஜெலுத்தோங் கரையில் நீர் வற்றுகையில்
கடல் எங்கே முடிந்தது, சேறு எங்கே தொடங்கியது,
யார் சொல்வார்?
அப்படி ஓரம் அழிந்த ஒரு மடிப்பு: ஒரு மார்க் போயிற்று.
உள்ளே அவரை விதை போன்ற ஒரு முடிச்சு மங்கல்: இன்னொன்று.
மேல் அடுக்கில் இரண்டு.
டாக்டர் ஊய் தொலைபேசியில்
விரல் மடக்கி எண்ணுகிற குரலில் சொன்னார்,
"பத்தில் ஆறு."

பிறகு சாயம் ஏற்றி எடுத்தோம்.
பாலம் அடைத்துக்கொண்டால் ஃபெரி ஓடுகிறதா?
ஓடியது.
மெலிந்த சில இழைகள், சுற்றுவழியாய், தாமதமாய்,
கொஞ்சம் ரத்தத்தை இறக்கிவிட்டுப் போயின.
ஊய் "ஹ்ம்" என்றார்.
அந்த "ஹ்ம்"மை யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை.

வெளியே அவர் மனைவி பவளமணி,
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைச் சீருடையோடு.
கதவிடுக்கில் எண் காதில் விழுந்திருக்கிறது.
"ஆறுன்னா பாஸ்தானே?
ஆறிடும்தானே?"
டாக்டர் வருவார் என்றேன்.
பொய் இல்லை. பதிலும் இல்லை.

அதே இரவில் இன்னொருவர். நாற்பத்தொன்று வயது.
பத்தில் ஒன்பது.
பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுகிற படம்.
ஐந்தாம் நாள் வார்டுப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை.
நுரையீரல் என்றார்கள்.
நான் தலையை மட்டும்தானே எடுத்தேன்.

பக்கவாதம் என்று வைத்தார்கள் பெயர்.
ஒரு பக்கத்து வாதத்தைக் கேட்டதுமே
தீர்ப்பு எழுதிவிடும் அவசரம்
எங்களுக்கு எப்போதும் உண்டு.

மூன்று மாதம் கழித்து மறுபடம்.
நாகமுத்து நடந்தே வந்தார்,
வலது செருப்பு தரையைத் தேய்த்துக்கொண்டு.
பேச்சு வரவில்லை.
ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது: துருன்.
கிரேனுக்குக் கீழே நின்று கையசைப்பவன்
நாளெல்லாம் கத்துகிற சொல். இறக்கு.
தாகமெடுத்தால் துருன்.
பவளமணி முகம் வாடினால், மெல்ல, துருன்.
பல்செட்டைத் தானே கழற்றி
இடது கையால் என்னிடம் நீட்டி, துருன்.

பிறகு மேசையைப் பார்த்தார். உயரத்தில் இருந்தது.
துருன், என்றார்.
இறக்கினேன்.

படத்தில் அந்த இடம் கறுத்து, தண்ணீர் கட்டி நின்றது.
சொல் எங்கிருந்து வருகிறதென்று
அடுக்கடுக்காய்த் தள்ளிப் பார்த்தேன்.
கதவருகே அடுத்தவர் இருமினார்.