பல்லில் கேட்பது

பௌலிங் கூடத்தை இடித்தபோது
ஐந்தாம் தடத்தின் மேப்பிள் பலகையை
நாற்பது டாலருக்கு வாங்கினேன்.
காந்தத்தால் தடவித் தடவிப்
பதினேழு ஆணி பிடுங்கினேன்.
பதினெட்டாவதை
வாள்தான் கண்டுபிடித்தது,
இரண்டு பல்லைக் கொடுத்து.

மே மாதம் வந்தால்
மார்கரி துறையில் சிங்கி இறால் படகுகளுக்கு ஒயரிங் செய்பவள் நான்.
துறை உறைந்தபின் வயலின்.
வயிறு இல்லாத வயலின்.
உள்ளே காற்றில்லை, முகத்தில் துளையில்லை,
தட்டினால் மேசையைப்போல் பதில் சொல்லும்.
"டோலினா, இது துடுப்பு" என்றார் தபால்காரர்.
துடுப்பும் செதுக்கியிருக்கிறேன்,
அதனால் சண்டை போடவில்லை.

இதைக் கேட்டவன் லாக்லன்.
முப்பது வருடம் சனிக்கிழமை நடனங்களுக்கு வாசித்தவன்.
இடக்காது போயிற்று.
"அதன் வாயிலேயே அல்லவா
காதை வைத்திருந்தேன்" என்றான்.
"கத்தாத ஒன்று செய்து கொடு."

சமையல் தராசில் வைத்தேன்: எழுநூற்று இருபது கிராம்.
எந்தத் தோள் தாங்கும்?
முதுகைக் குடைந்தேன். அறுநூற்றுப் பத்து.
இன்னும் குடைந்தேன். ஐந்நூற்று நாற்பதில்
உளியைக் கீழே வைத்தேன்.
இதற்குமேல் போனால்
மறுபடி வயிறு வைத்துவிடும்.

குதிரைக்கு அடியில் உணர்வி,
குழிக்குள் செப்புத் தகடு,
ஆணித் துளைகளில் மரமுளை.
மூன்று பூச்சு எண்ணெய்.
தடத்தில் வரைந்திருந்த கறுப்பு அம்பு ஒன்றை மட்டும்
தேய்க்காமல் விட்டேன்.
அது இப்போது அவன் தொண்டையைக் காட்டுகிறது.

பிப்ரவரியில் வந்தான்.
ஆம்பிளிஃபயரில் செருகினோம்.
ம்ம்ம்ம் என்று ஒரு முனகல்,
இன்ஜினை அணைக்க மறந்த படகு.
தந்தியை விரலால் தொட்டால் அடங்குகிறது,
எடுத்தால் தொடங்குகிறது.
எர்த் எங்கோ விட்டுப்போயிருக்கிறது.
ஊர்ப் படகுக்கெல்லாம் எர்த் கொடுப்பவள்
ஒரு முழ மரத்துக்குக் கொடுக்கவில்லை.
முகத்தை அவனுக்குக் காட்டாமல்
பற்றவைக்கும் கோலைத் தேடினேன்.

பின்னால், செருகியதைப் பிடுங்கிவிட்டு
வாசிக்கத் தொடங்கியிருந்தான்.
மூடிய ஜாடிக்குள் ஒரு கொசு.
அவ்வளவுதான் எனக்கு.

நிறுத்தினான்.
தாடையை எடுத்தான். வைத்தான். மறுபடி எடுத்தான்,
சூடு பார்ப்பவனைப்போல்.
"பல்லில் கேட்கிறது" என்றான்.
"எது?"
"எல்லாம்."

அதற்குப்பின் என்னிடம் பேசவில்லை.
வில் ஏறி இறங்கியது,
தலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்து
மரத்தை அழுத்திக்கொண்டே போனது.
என் பங்குக்கு அவனுடைய வலது பூட்ஸ்,
பனி உருகி ஈரமான தரையில்
தப் தப் தப்பென்று.
அதை வைத்து என்ன மெட்டு என்று
ஊகித்துக்கொண்டிருந்தேன்.

கோல் காய்ந்து புகை விட்டது.
எர்த் ஒயர் கையில்.
ஒரு நிமிட வேலைதான்.
இது முடியட்டும் என்று நின்றேன்,
அவன் அடுத்ததற்குப் போனான்.