நாற்பத்தோராம் மரத்தடி

ஏப்ரலில் என் வேலை முழங்காலில்.
பாதி உருகிய பனியில் மண்டியிட்டு
மரம் மரமாகப் புழுக்கை தேடுவேன்.
கேட்பவர்களிடம் சூழல் ஆய்வாளர் என்பேன்.
என் மகன் பள்ளியில் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறான்.

பறக்கும் அணிலை யாரும் பார்ப்பதில்லை.
பதினெட்டு ஆண்டில் நான் பார்த்தது இரண்டு முறை,
அதில் ஒன்று செத்தது.
அது விட்டுப்போவதைத்தான் எண்ணுகிறோம்:
நெல்லைவிடச் சிறிய மஞ்சள் மணிகள்,
யாரையோ வாழ்த்தி இறைத்த அட்சதை போல
வேரடியில் கிடக்கும்.
கிடந்தால் மரம் நிற்கும்.
கிடக்காவிட்டால்
ஐந்து கட்டிடம், நூற்று அறுபத்து நான்கு வீடு,
நிலத்தடியில் கார் நிறுத்தம்.

குவோப்பியோ நகரின் வடக்கு ஓரம், ஏரிக்கரைச் சரிவு.
என்னை அமர்த்தியது கட்டும் நிறுவனம்.
கூலி உங்களுடையது, கண் என்னுடையது
என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.
தலையாட்டுவார்கள்.
எல்லாரும் முதல் நாள் தலையாட்டுவார்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில்
இரவுப் பணிச் சீருடையோடு இக்ரான் எழுந்தாள்.
"ஒரு அணிலுக்கு எத்தனை பொந்து?"
ஒன்று போதாது, என்றேன்,
மூன்று நான்கு, மாற்றி மாற்றிப் படுக்கும்.
"எனக்கு மூன்று பிள்ளை. ஒரே அறை."
சண்டைக்குச் சொல்லவில்லை,
மளிகைக் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.
எழுத்தர் அதைக் குறித்தாரா, தெரியாது.

பிறகு ரூஸ்கனென் பேசினார்.
மேட்டு வீட்டுக்காரர்.
காட்டைப் பற்றிச் சொல்லும்போது குரல் கம்மியது.
அவர் சன்னலுக்கும் ஏரிக்கும் நடுவே
இப்போது மரக்கிளைகள் மட்டும்தான்
என்பதை அவர் சொல்லவில்லை.

நாற்பது மரம் வரை ஒன்றுமில்லை.
பதினேழாவதில் ஒரு பொந்து,
மரங்கொத்தி குடைந்தது, உள்ளே சிலந்தி.
நாற்பத்தொன்று இளம் பிர்ச்.
அதன் அடியில் ஒரு கைப்பிடி மஞ்சள்.

ஒரு கணம் நெஞ்சு துள்ளியது, பொய் சொல்ல மாட்டேன்.
பிறகு கண் வேலை செய்யத் தொடங்கியது.
உண்மையானது சிதறியிருக்கும்,
பட்டை இடுக்கில் ஒட்டியிருக்கும்,
அடிமரத்தில் மஞ்சள் கறை இருக்கும்.
இது குவியல்.
குவியலுக்குள்
காபி வடிதாளின் ஒரு கிழிசல்.

மேட்டு வீட்டில் எனக்குக் காபி ஊற்றினார்கள்.
வடிகட்டி மேல் அதே பழுப்புத் தாள்.
"ஏதாவது கிடைத்ததா?" என்றார் ரூஸ்கனென்
கோப்பையைப் பார்த்துக்கொண்டே.
கிடைத்தது, என்றேன். ஆனால் இங்கே இருந்ததில்லை.

சுவர்க் கடிகாரம் கொஞ்ச நேரம் எங்கள் இருவருக்காகவும் பேசியது.

அறிக்கையின் கட்டங்களில்
மரத்தின் சுற்றளவுக்கு இடம் உண்டு,
புழுக்கையின் எண்ணிக்கைக்கு உண்டு,
கொண்டுவந்து போட்ட கைக்கு இல்லை.
'வாழிடம் காணப்படவில்லை' என்று எழுதுவேன்,
சரிவு சாயும்.
இக்ரானுக்கு அதில் ஒரு சமையலறை கிடைக்கலாம்,
கிடைக்காமலும் போகலாம், வாடகையைப் பொறுத்து.
எழுதும் கைக்கு அதில் மகிழ்ச்சி இருக்காது.

எழுந்து காலணி மாட்டும்போதுதான் உறைத்தது:
மணிகள் பச்சையானவை. இந்த வசந்தத்தவை.
அப்படியானால் எங்கோ
இதை இட்ட உயிர் உயிரோடிருக்கிறது.

எங்கே பொறுக்கினீர்கள், என்று கேட்டேன்.

அவர் வாய் திறக்கவில்லை. கண் திறந்து காட்டிவிட்டது.
ஏரியின் அக்கரையைத் தொட்டு, சட்டென்று திரும்பியது.
பனி விலகாத நீருக்கு அப்பால்
அவருடைய சௌனா குடில், பின்னால் முதிர்ந்த காடு,
கரையில் ஒரு வெள்ளைப் பலகை.
வரும் வழியில் படித்திருந்தேன்:
விற்பனைக்கு. ஆறு விடுதி கட்ட ஏற்ற மனை.

"அங்கே ஒன்றுமில்லை," என்றார்,
"வெறும் ஆஸ்பென் மரங்கள்."

குறிப்பேட்டில் புதுப் பக்கம் திருப்பினேன்.
அதற்குள் அவர்
இன்னும் கொஞ்சம் காபி ஊற்ற வந்துவிட்டார்.