கேட்டுக்கு அந்தப் பக்கம்

ஒன்பது இருபதுக்கு வருகிறார்கள்.
"கேட்டு போட்டாங்க மிஸ்."
சிவப்பு மையில் தாமதம் என்று எழுதுகிறேன்.
கொருக்குப்பேட்டையில் இது
காலை வணக்கம் மாதிரி.

பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு.
முப்பத்தெட்டுப் பேரில்
மெல்லக் கற்போர் பதினான்கு.
பட்டியலைத் தயாரித்தது நான்தான்,
முப்பத்தைந்தைத் தொடாத பெயர்களை
ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு:
டில்லிகுமார், அப்சானா, யுவஸ்ரீ, தேசிங்கு,
லோகேஸ்வரி இரண்டு பேர், இனிஷியல் மட்டும் வேறு.

பஸ் பாஸுக்கு முகவரி சரிபார்க்கையில்
கண்ணில் பட்டது.
பதினான்கில் பன்னிரண்டு வீடு
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.
முதல் பாடவேளை என்னுடையது.
கணக்கு.

அன்று கரும்பலகையில் இதை மட்டும் எழுதினேன்:
நாளுக்கு இருபது நிமிடம் கேட் மூடினால்
இருநூற்றிருபது வேலைநாளில்
நாற்பது நிமிடப் பாடவேளை எத்தனை போகும்?
பட்டியலில் ஒன்பதாவது பெயர், எஸ். லோகேஸ்வரி,
பேனா மூடியைக் கடித்தபடி
"நூத்திப்பத்து" என்றாள்.
தாளைத் தொடவில்லை.
"டெய்லி அரை பீரியடு மிஸ். இருநூத்தி இருபதுல பாதி."
பிறகு, கேட்காமலே,
"இன்னிக்கு நாப்பத்திரெண்டு பெட்டி.
நின்னு நின்னு போச்சு."

தலைமையாசிரியை வசுந்தராவிடம் போனேன்.
கணக்கை மூன்றாம் வேளைக்கு மாற்றுங்கள்.
சமூக அறிவியல் எபிநேசர் சார்
டிபன் பாக்ஸை மூடினார்:
"அப்போ என் பாடம் கேட்டுல நிக்கட்டுமா டீச்சர்?"
என்னிடம் பதில் இல்லை.
கடைசியில் ஐந்து பாடத்துக்கும் சுழற்சி போட்டோம்,
திங்கள் தமிழ், செவ்வாய் ஆங்கிலம் என்று.
இழப்பைச் சரிசமமாகப் பங்கு வைத்தோம்.
சமவாய்ப்பு என்று நாங்கள் செய்தது
இதுவரை இவ்வளவுதான்.

மண்டல ஆய்வுக் கூட்டம்.
புரொஜெக்டர் வெளிச்சத்தில் எங்கள் பள்ளி
குட்டையாக ஒரு சிவப்புத் தூண்.
பக்கத்தில், தெற்கே எங்கோ ஒரு பள்ளி,
பச்சையாக, கூரைவரை.
காரணம் சொல்லுங்க என்றார்கள்.
சொன்னேன்.
படிவத்தில் கேட்டுக்குக் கட்டம் இல்லை.
பெற்றோரின் அக்கறையின்மைக்கு இருந்தது.
அதில் டிக் போட மாட்டேன் என்றேன்.
இதர என்று குறித்துக்கொண்டார்கள்.
டீ வந்தது.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை.
கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போய்
நானே மாட்டிக்கொண்டேன்.
கூட்ஸ் நகரவில்லை.
ஆட்டோக்கள், கேஸ் சிலிண்டர் வண்டி,
இன்ஜினை அணைத்துவிட்டு
கால் ஊன்றி நிற்கும் பைக்குகள்.
தேசிங்கு பையை முதுகிலிருந்து
மார்புக்கு மாற்றினான்.
குனிந்தான்.
இரண்டு பெட்டிகளுக்கு நடுவே, கொக்கிக்கு அடியில்,
சட்டையில் ஒரு கறை படாமல்.
பழகிய குனிவு.
அவன் பின்னால் அப்சானா,
துப்பட்டாவை வாயில் கவ்விக்கொண்டு.
கூப்பிடவில்லை நான்.
கூப்பிட்டால் அடியிலேயே நின்றுவிடுவாளோ.

அவர்கள் அந்தப் பக்கம் போன பிறகுதான்
பெட்டிகள் குலுங்கின,
ஒன்றிலிருந்து ஒன்றுக்கு.

அன்று ஒன்பது மணிக்கெல்லாம்
இருவரும் வகுப்பில்.
தாமதமாக வந்தது நான்.

இப்போது சிவப்புப் பேனா
சாக்பீஸ் டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறது.
யார் எப்போது வந்தாலும் ஒன்பது என்று எழுதுகிறேன்.
பொய்க்கணக்கு, கணக்கு டீச்சர் எழுதுவது.
சாயங்காலம் நாலரைக்கு மேல் நாற்பது நிமிடம்
அந்த நூற்றுப்பத்தைத்
திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.
இதுவரை பத்தொன்பது.
யுவஸ்ரீ வருவதில்லை,
தண்ணீர் லாரி ஐந்து மணிக்கு.

காலாண்டில் எஸ். லோகேஸ்வரி நாற்பத்தொன்று.
தேசிங்கு இருபத்தாறு,
போன தடவையைவிட இரண்டு குறைவு.
இப்பல்லாம் குனியறதில்ல மிஸ் என்கிறான்.
நம்புகிறேன்.
ஒன்பதுக்கு முன்னால் ஹாரன் கேட்டால் மட்டும்
எழுதிக்கொண்டிருந்த எண் பாதியில் நிற்கிறது.