பூச்சியமாம் நாள்

உவர்மலை ஏற்றத்தில் மூன்றாவது வீட்டு மின்மானியில்
ஒன்றை ஏழென்று வாசித்தேன்.
வீட்டுக்காரி பில்லைத் தூக்கிக்கொண்டு
மின்சார சபைக்கே வந்துவிட்டாள்.
அதுதான் தொடக்கம்.
பிறகு இடக்கண்ணில் சிவப்பு வெளிறிச் செங்கல் நிறமானது.
செருப்புக் கழன்றது தெரியாமல்
மடத்தடிச் சந்திவரை நடந்திருக்கிறேன்;
திரும்பிப் போனால்
மான் ஒன்று அதை முகர்ந்துகொண்டு நிற்கிறது.
ஒரே வருடத்தில் நான்கு தாக்கம்.
எம்.எஸ். என்றார்கள், அதிலும் முன்கோபக்கார வகை.

வயரின் மேலுறையை எலி அரித்தால் என்னாகும்
எனக்குத் தெரியும்.
எலி யாரென்று கேட்டேன்.
"உங்கட உடம்பின்ட காவற்படைதான்" என்றார் டொக்டர்,
"எதிரியெண்டு நினைச்சுச் சொந்தச் சனத்தையே சுடுது."
மாற்றலாகி வந்தவர். நல்ல மனிதர்.
திருகோணமலையில் இருந்துகொண்டு
என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைக்கவில்லை.
மேகலா யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

கன்னியாவுக்குப் போகாதே, சூடு ஆகாது என்றார்கள்.
போனேன்.
ஏழு கிணற்றில் ஒரு கிணறு, இரண்டே வாளி,
கால்கள் நனைந்த துணியாகிவிட்டன.
ஜௌபர் தோளில் போட்டு வந்து ஓட்டோவில் கிடத்தினான்.
உப்புவெளி தாண்டியும் ஏச்சு ஓயவில்லை.

நிலாவெளிக் காணியை விற்றோம்;
பதினெட்டுப் பனை, ஒரு கிணறு,
முடியாத வேலித் தகராறு ஒன்று,
எல்லாமாய்ச் சேர்த்து.

சென்னையில் நாலாம் மாடி.
எலும்புக்குள் ஒளிந்திருந்த குருத்தணுக்களை
ஊசி போட்டு இரத்தத்துக்குக் கூப்பிட்டார்கள்.
இரவு முழுக்க இடுப்பெலும்பு
உள்ளிருந்து கதவைத் தட்டியது.
வடித்தெடுத்து உறையவைத்தார்கள்.
பிறகு அந்த மருந்து.
மெயின் சுவிட்சை இறக்கியதுபோல,
குசினி விளக்கு, சாமி விளக்கு என்று பாராமல்
முழு ஊரும் இருட்டு.

பூச்சியமாம் நாள் என்று அதற்குப் பெயர்.
சிறு பை. தக்காளி ரசத்தின் நிறம்.
என்னுடையதை எனக்கே ஏற்றினார்கள், இருபது நிமிடம்.
"அவ்வளவுதானா?" என்றாள் மேகலா.
மூன்று நாள் என் தோலில்
அவித்த சோளன் வாசம்.

பிறகு மயிர் தலையணையில்,
எச்சில் முள்ளாக,
அறிக்கையில் வெள்ளை அணுவுக்கு நேரே பூச்சியம்.
அப்படியொரு வாசிப்பைப்
பூட்டிக்கிடந்த வீடுகளில்தான் எடுத்திருக்கிறேன்.
பதினோராம் நாள்: பூச்சியம் தசம் மூன்று.
உள்ளே யாரோ ஒரு குமிழைப் போட்டிருக்கிறார்கள்.

இப்போது என் உடம்புக்கு ஏற்புவலி தெரியாது,
குக்கல் தெரியாது,
பால்குடியில் படித்த பாடமெல்லாம் மறந்துபோயிற்று.
அதனால் புதன்கிழமை, பிள்ளைகள் கிளினிக்.
மடியில் குழந்தைகளோடு பதினாலு தாய்மார்,
நடுவே முப்பத்தாறு வயதில் நான், தடியோடு.
தயாநிதி மிஸ்ஸி அட்டையை விரித்தார்.
பிறந்த திகதி சொன்னேன். பேனை நின்றது.
"இதில மாதக் கணக்குத்தான் இருக்கு, தம்பி."
"ஏழு மாதம்" என்றேன்.
எழுதினார்.
பக்கத்துக் குழந்தை எனக்கும் சேர்த்து அழுதது.

சுகமா என்று கேட்கிறார்கள்.
இடக்கால் இன்னும் இழுபடுகிறது.
எரிந்த வயர் எரிந்ததுதான்.
போன ஸ்கானில் புதிதாக ஒன்றும் எரியவில்லை.
அடுத்ததைப் பற்றி டொக்டர் பேசவில்லை,
நானும் கேட்கவில்லை.

ஊசிக்குப் பிறகு சற்று இருந்து போகச் சொன்னார்கள்.
வாங்குக்கு மேலே சுவரில் ஒரு பழைய மின்மானி.
தடியைச் சாத்திவிட்டு எழும்பினேன்.
வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு
நாலு, பூச்சியம், இரண்டு,
அடுத்தது ஒன்றா, ஏழா,
தெரியவில்லை.
சக்கரத்தின் செங்கல் நிறக் கோடு
முழுச் சுற்றும் சுற்றி வரும்வரை
எதையும் பிடிக்காமல் நின்றேன்.