கிழமைக்கு ஐந்து நாள்

அறிக்கை அறுபத்திரண்டு பக்கம்.
வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் வேணுமாம்.
உட்துறைமுக வீதிக் கந்தோரில்
மின்விசிறி ஒவ்வொரு தாளாய்த் தூக்கிப் பார்த்துப்
போடுகிறது.

நிக்கல் சல்பைட்டு. நிக்கல் ஒட்சைட்டு.
பெயர்களில் சிரமமில்லை,
பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியவைதான்.
மூடிய கூண்டு. கூண்டுக்குள் காற்றோடு கலந்த நுண்தூள்.
ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம்,
கிழமைக்கு ஐந்து நாள்,
இரண்டு வருசம்.
சனி ஞாயிறு எலிகளுக்கு லீவு.

அந்த வரியோடு பேனையை மூடிவிட்டுத்
தேத்தண்ணி குடிக்கப் போனேன்.
பஸ் நிலையத்தில் ஒரு புள்ளிமான்
சோற்றுப் பார்சலின் லஞ்ச் சீற்றை மென்றுகொண்டு நின்றது.
திருகோணமலையில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முப்பத்தோராம் பக்கம்:
எஞ்சிய எலிகளைப் 'பலியிட்டார்கள்' என்கிறது ஆங்கிலம்.
எந்தத் தெய்வத்துக்கு என்று சொல்லவில்லை.
நான் 'கொன்றார்கள்' என்று எழுதினேன்.
மேலதிகாரி அதை வெட்டி
'அகற்றப்பட்டன' என்று போட்டார்.

பிறகு நுரையீரலைச் சீவிச் சீவி
எண்ணியிருக்கிறார்கள்.
எலிகளுக்குக் கட்டி வந்தது.
சுண்டெலிகளுக்கு வரவில்லை.
அதே தூள், அதே ஆறு மணித்தியாலம்.
மனுசன் எலியா சுண்டெலியா,
அதற்கு அறுபத்திரண்டில் ஒரு பக்கமும் இல்லை.
கம்பனிச் சட்டத்தரணி சுண்டெலிப் பக்கத்தில்
மஞ்சள் துண்டொன்று ஒட்டி வைத்திருக்கிறார்.

மெல்வின் பல்தசார், பாலையூற்று.
கொட்பேயில் பத்தொன்பது வருசம் வெல்டிங்,
மீன்கப்பல்களின் துருப்பிடிக்காத உருக்குத் தாங்கிகளுக்குள்
குந்தியிருந்து.
மூக்கைச் சிந்தினால் லேஞ்சியில் கறுப்பு.
புகைப்பழக்கம் இல்லை என்று ஒரு டாக்குத்தர் துண்டு.
வலது நுரையீரல் என்று இன்னொன்று.
மூன்றாவது மரணப் பத்திரம்.

விசாரணையன்று அவர் மனுசி டெல்சிக்கு
என் தமிழை நானே வாசித்துக் காட்டினேன்.
பாவாடை மடிப்பை நீவியபடி கேட்டுக்கொண்டிருந்தா.
கட்டி என்ற இடத்தில் அசையவில்லை.
சுண்டெலி என்றபோது சட்டத்தரணி இருமினார்,
அதற்கும் அசையவில்லை.
திரும்பவும் முதற் பக்கத்துக்குப் போகச் சொன்னா.
போனேன்.
ஐந்து நாள் என்றதும் கையைத் தூக்கினா.

"இவர் ஞாயிறும் போனவர் தம்பி.
இரட்டைச் சம்பளம் எண்டு.
பூசைக்கு நான் தனியத்தான் போறனான்."

படிவத்தில் அதற்கொரு கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதி வைத்தேன்,
பென்சிலால்.