நாமம்

ஃப்ரீஸ்லாந்தில், ஒரு வாய்க்கால் திரும்பும் இடத்தில்
வீட்ஸ்காவின் குளம்.
குளம் என்பது அவள் சொல்வது.
நீளவாட்டில் எட்டு எட்டு.
வாய்க்காலுக்கும் அதற்கும் நடுவே ஒரு சின்ன மடை,
தண்ணீர் வந்து போக.
பசியும் அந்த வழியாகத்தான் வந்தது.

முதல் வருஷம் வெள்ளை அல்லி,
முப்பத்துநாலு யூரோ,
ஈரச் செய்தித்தாளில் சுற்றித் தபாலில் வந்தது.
களிமண் கூடையில் நட்டு
மேலே கூழாங்கல் பரப்பி
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவது போல இறக்கினாள்.
மே மாதம் முதல் இலை மிதந்தது.
மறுநாள் காலை
காம்பு மட்டும்.

குற்றவாளி ஒளியவில்லை.
கரிய உடம்பு, வெள்ளை நெற்றி,
விரலுக்கு விரல் சவ்வு விரிந்த கால்.
நாமக்கோழி.
சாவகாசமாக அடுத்த மொட்டைக் கொத்தி
உதறி
பாதியை விழுங்கி
பாதியைத் துப்பியது.
துப்பியதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

பிளாஸ்டிக் நாரை ஒன்றை நட்டுவைத்தாள்.
மூன்றாம் நாள் நிஜ நாரை துணைக்கு வந்து நின்றது.
மீன்களும் போயின.
கணவனின் அக்கார்டியன் சிடிக்களைக் கயிற்றில் கோத்தாள்.
வெயிலில் அவை சுழல
பறவை நீந்தி வந்து
தன் நெற்றியைப் பார்த்துக்கொண்டது.

ஆவ்கேக்கு நீர்வாரியத்தில் வேலை.
கரையைத் துளைக்கும் கஸ்தூரி எலிகளுக்குப் பொறி வைப்பவன்.
“ஏதாவது செய்யேன்.”
“எலி என்றால் என் வேலை,
கோழி என்றால் உன் வேலை,” என்றான்
ரொட்டியின் ஓரம்வரை வெண்ணெய் தடவிக்கொண்டே.
சிடிக்களைப் பற்றி
அவன் இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்த மார்ச்.
இடுப்புவரை ரப்பர் உறை மாட்டி
பல் கிட்டிக்கும் தண்ணீரில் இறங்கி
நாலு கம்பம், சுற்றிலும் முயல்கூண்டு வலை,
மேலே மூடி,
நீர்மட்டத்துக்கு ஒரு சாண் உயரத்தில்.
உள்ளே பழைய கிழங்கு
இலை விட்டது. இன்னொன்று விட்டது.
அன்று அவள் காப்பியைச் சூடாகவே குடித்தாள்.

ஏப்ரலில் மூடிமேல் ஒரு நாணல் தண்டு கிடந்தது.
காற்று, என்று நினைத்தாள்.
மறுநாள் ஏழெட்டு.
பிறகு அவளுடைய நீர்க்கருவிழி இலைகள்,
ரொட்டிப் பை, நீலக் கயிறு,
அக்கார்டியன் ஒன்று,
எல்லாவற்றுக்கும் மேலே
அல்லியின் பெயர்ச்சீட்டு.
அலை அசைக்காத தரை,
நரி எட்டாத மேடை,
கடைக்கால் போட்டுக் கொடுத்தது அவள்.
தன் நெற்றியில் இருந்ததை எடுத்து
அவளுக்குப் போட்டுவிட்டது.

முட்டை இருக்கும் கூட்டைத் தொடக்கூடாது,
அது சட்டம்.
தொட மனசில்லை,
அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கூட்டின் அடியில், வலைக்குள்
இலைகள் முட்டி முட்டி மடங்கின.
ஒரே ஒரு மொட்டு
கண்ணி வழியே ஒருக்களித்து வெளியே வந்து
கால்வாசி மலர்ந்தது.
அதற்குள் குஞ்சுகள்.
சிவந்த வழுக்கை மண்டை, கழுத்தில் நெருப்பு மயிர்,
ஏழு வாய்.
தாய் அந்தப் பூவைக் கிழித்தது
இதழ் இதழாக,
ஏழு வாய்க்கும்.
வீட்ஸ்கா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள்.
இந்த முறை
எதுவும் துப்பப்படவில்லை.

அக்டோபரில் இடுக்கியோடு இறங்கினாள்.
கூடு அழுகித் தொங்கியது, வாரிக் கரையில் போட்டாள்.
சீட்டில் பெயர் அழிந்துவிட்டது,
விலை மட்டும் இருந்தது.
கம்பியை வெட்டிக் கூடையைத் தூக்கினால் தூக்க முடியவில்லை.
ஆறுமாத எச்சம் தின்ற கிழங்கு
அவள் முழங்கையளவு பருத்து
வலையையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

இப்போது மறுபடி மார்ச்.
இந்த வருஷம் மூடி கூம்பாக இருக்கும்,
ஈகூட உட்கார முடியாது,
கடையில் அப்படிச் சொல்லித்தான் வலை வாங்கினாள்.
அளவுநாடாவின் நுனியைக் காலால் மிதித்தபடி
குனிந்து அளக்கிறாள்.
மடை வழியே வந்து
கொஞ்சம் தள்ளி மிதக்கிறது நாமக்கோழி,
கொத்தனாரை மேற்பார்க்க வந்த
வீட்டுக்காரி போல.

வலை புல்மேல் கிடக்கிறது.
இன்னும் தட்டையாகத்தான்.