வரி 43

மன்னவனூர் பள்ளி, எட்டாம் வகுப்பு,
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
கணினியில் திறனறித் தேர்வு.
ஒவ்வொரு விடைக்கும் எடுத்த நேரம்
மில்லி விநாடிக் கணக்கில்.

நாயுடுபுரத்து அறையில்
ஹீட்டருக்கு ஒரு கம்பிதான் சிவக்கிறது.
பதினேழாம் கேள்வியின் வரைபடத்தில்
புள்ளிகள் எல்லாம் பட்டிக்குள் ஆடுகளாய் நெருங்கிக் கிடக்க
ஒன்று மட்டும்
திரையின் மேல் விளிம்பில் மேய்கிறது.

வரி 43. கு. அன்புவேல்.
தொண்ணூற்று நான்கு விநாடி.
மற்றவர்களுக்கு ஒன்பது போதுமாயிருந்தது.

மதுரையிலிருந்து ஞானசிகாமணி சார்:
"மூணு திட்டவிலக்கம் தாண்டுதுல்ல? தூக்கிடும்மா.
மனசு வரலேன்னா எல்லைக்குள்ள இழுத்து வையி.
வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போகணும்."

இழுத்துப் பார்த்தேன்.
இருபத்தொன்றில் வந்து நின்றான், சமர்த்தாக.
மிச்சம் எழுபத்து மூன்று விநாடியை
எந்தக் கட்டத்தில் போடுவது?

கண்காணிப்பாளர் குறிப்பேட்டில் ஒரு வரி இருந்தது:
'11.20. மைதானத்தில் காட்டுமாடு. ஜன்னல் சாத்தப்பட்டது.'
அப்பாடா என்றிருந்தது.
ஆனால் அவன் பதினேழில் நின்றது 10.52க்கு.
மாடு அப்போது எந்தச் சோலையிலோ.

தலைமையாசிரியைக்குப் போன் போட்டேன்.
"அன்புவேலா? பேரு என்னன்னு கேட்டாலும்
யோசிச்சுட்டுத்தான் சொல்லுவான் மேடம்."
விடையைத் திறந்து பார்த்தேன்.
அவ்வளவு யோசித்தும்
தப்பு.

அவனை விட்டுவிட்டு
கீழிருந்து மேலாக வரிசைப்படுத்தியபோதுதான்
எழுபத்தொன்று கண்ணில் பட்டது.
செ. தனுஷ்யா. நாற்பது கேள்விக்கும்
தலா அரை விநாடிகூட இல்லை.
அ, ஆ, இ, ஈ, மறுபடி அ.
உருவங்களைக் கண் தொடுவதற்குள் விரல் தொட்டிருக்கிறது.
ஆனால் சராசரியிலிருந்து இரண்டு விலக்கம்தான்;
வேலிக்குள்ளேயே, பத்திரமாக.
அவனைச் சேர்த்துக் கணக்கிட்டால்
வேலி இன்னும் அகலும்,
இவள் இன்னும் நடுவே வருவாள்.

அவனை வைத்துக்கொண்டேன்.
சராசரிக்குப் பதில் நடுமதிப்பு.
அவன் இருந்தாலும் போனாலும்
அது ஏறக்குறைய அசைவதே இல்லை.
இதில் நிம்மதிப்பட என்ன இருக்கிறது,
தெரியவில்லை.

அடிக்குறிப்பு, எட்டுப் புள்ளி எழுத்தில்:
'ஒரு வரி நீக்கப்பட்டது. காரணம்: படிக்காமல் விடையளித்தது.'
சார் கேட்டால் சொல்லக் காரணம் இருக்கிறது.
தனுஷ்யாவுக்கு என்ன காரணமோ.
பன்னிரண்டு மணி பஸ்ஸா,
பல்வலியா,
இந்தத் தேர்வு தன்னை எங்கும் கொண்டுபோகாது என்ற
சரியான கணிப்பா.

நீக்கியது விடைகளைத்தான், அவளை அல்ல
என்று ஒருமுறை சொல்லிக்கொண்டு
கோப்பை மூடினேன்.
ஹீட்டரின் கம்பி
அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சிவந்திருந்தது.
எத்தனை விநாடி என்று எண்ணவில்லை.